பூகம்பத்தால் பழுதுற்ற கட்டிடங்களைச் செப்பனிடும் முறை

(நமது மகாசபையின் ஆண்டுக் கூட்டத்தில், கட்டிட இஞ்சினீயராகிய அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



பூகம்பத்தால் பழுதுற்ற கட்டிடங்களை எங்ஙனம் செப்பனிடுவது என்பது பற்றிப் பேசுமாறு காரியக் கமிட்டியார் என்னைப் பணித்திருக்கின்றனர். தலைப்பைக் கேட்டவுடனே, “திருவள்ளூர் எங்கே, பூகம்பம் எங்கே?” என்று தங்களிற் சிலர் புன்முறுவல் செய்ததை யான் காணாமலில்லை. வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் நம் ஜில்லாவாசிகள் உடனே செவி சாய்ப்பர். கொசத்தலையாறும் ஆரணியாறும் கரை புரண்டு வந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். நிலம் நடுங்குவதென்பதோ இமயமலைச் சாரலிலும் ஜப்பான் தேசத்திலும் நிகழும் காரியம் என்றே எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணத்தைச் சிறிது அசைத்துவிட்டே மேலே செல்ல வேண்டியிருக்கிறது.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோயமுத்தூர்ப் பகுதியில் எழுந்த நடுக்கம் தென்னாட்டின் பல ஊர்களிலும் உணரப்பட்டது. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஒரு நடுக்கம் உண்டாயிற்று. அதன் அளவு ஏறக்குறைய 5.5. சென்னையில் ஜனங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தனர். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவில் நிலம் ஆடியபோது சென்னை மாடிக் கட்டிடங்கள் ஆடியதும் தங்களுக்கு நினைவிருக்கும். 2002ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தார் பூகம்ப வரைபடத்தைத் திருத்தியபோது, அதுகாறும் இரண்டாம் மண்டலத்திலிருந்த சென்னையையும் அதைச் சூழ்ந்த நம் பகுதியையும் மூன்றாம் மண்டலத்திற்கு ஏற்றினர். அம்மூன்றாம் மண்டலத்திலேயே உள்ள மற்றொரு நகரம் ஆமதாபாத். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கட்ச் நாட்டில் நிலம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஆமதாபாத்தில் பல மாடிக் கட்டிடங்கள் மடிந்து விழுந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவை பழைய கட்டிடங்கள் அல்ல. பெரும்பாலும் கீழ்த்தளத்தைச் சுவரின்றி வண்டி நிறுத்தத் திறந்து விட்டு, மேலே வீடுகள் அடுக்கிய புதிய கட்டிடங்கள். திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை ஓரத்திலும் இப்பொழுது எழும்புகின்றவை எத்தகையவை என்று யான் சொல்ல வேண்டுவதில்லை.

இன்னும் வன்மையான சாட்சி லாத்தூர். மகாராஷ்டிரத்தில் லாத்தூர், உஸ்மானாபாத் ஜில்லாக்களில் 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில், விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு ஜனங்கள் அயர்ந்து உறங்கும் வேளையில் நிலம் ஆடிற்று. ஏறக்குறைய எண்ணாயிரம் உயிர்கள் போயின. அந்நாளைய வரைபடத்தில் அவ்வூர்கள் முதல் மண்டலத்தில், அதாவது அபாயம் மிகக் குறைந்தவை என்ற இடத்தில் இருந்தன! அங்கே ஜனங்களைக் கொன்றது பூமியன்று, வீடு. இரண்டடி மூன்றடிக் கனத்தில், ஒழுங்கற்ற கல்லை மண் சாந்தில் அடுக்கிய சுவர்கள். வெளிவரிசைக் கல்லுக்கும் உள்வரிசைக் கல்லுக்கும் இடையே பிணைப்பே இல்லை. மேலேயோ, வெயில் தணிய இட்ட அடிக்கணக்கான மண் கூரை. சுவர் வயிறு பருத்து வெளிப்புறமாகச் சரிய, கூரை உள்ளே இறங்கிற்று.

லாத்தூரில் நடந்த சீரமைப்பு வேலையிலிருந்தே இன்றைய பேச்சின் கருப்பொருள் பிறக்கிறது. அவ்வாண்டிலேயே, பழுதுற்ற கட்டிடங்களைச் செப்பனிட்டு வலுவூட்டுவதற்கான வழிகாட்டி நூலாகிய ஐ.எஸ். 13935 இந்நாட்டில் வெளிவந்தது. ரூர்க்கியில் 1960ஆம் ஆண்டு முதல் பூகம்பப் பொறியியலை ஆராய்ந்து வந்த அறிஞர்களின் உழைப்பு அதிலும் அதன் துணை நூல்களிலும் அடங்கியிருக்கிறது. அவர்களுள் பேராசிரியர் ஆனந்த் ஸ்வரூப் ஆரியா அவர்களின் பெயரை நன்றியுடன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்நெறியில், நாம் ‘ரிப்பேர்’ என்ற ஒரே சொல்லால் வழங்கும் காரியம் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. உதிர்ந்த பூச்சைப் பூசுதல், கதவு சன்னலைச் சரி செய்தல், வர்ணம் அடித்தல் ஆகியவை முதல்வகை. இவற்றால் கட்டிடத்தின் வலிமை எள்ளளவும் கூடுவதில்லை. பிளந்த சுவரையும் நொறுங்கிய தூணையும் முன்பிருந்த வலிமைக்குக் கொண்டு வருதல் இரண்டாம் வகை. முன்பில்லாத வலிமையைப் புதிதாகச் சேர்த்தல் மூன்றாம் வகை.

சுவர் ஒரு நடுக்கத்தில் பிளந்ததென்றால், அதற்கு முன்பிருந்த வலிமை போதவில்லை என்பதே பொருள். அதே வலிமையை அதற்குத் திரும்பக் கொடுத்தால், அடுத்த நடுக்கத்திலும் அது பிளந்தே தீரும். எனவே முதல்வகையோடு நிற்பது ஏமாற்று. இரண்டாம் வகையோடு நிற்பது அரைவேலை. செப்பனிடும்போதே வலுவூட்டலையும் சேர்த்துச் செய்தாலன்றிச் செலவிட்ட பணம் வீண் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நம்மவரோ பூச்சு வேலையில் மகா சமர்த்தர்கள். விரிசலைக் கண்டால் கொத்தனாரை அழைத்துச் சிமிட்டியால் தீற்றி, புட்டி வைத்து, இளநீல வர்ணம் பூசிவிட்டால் குற்றம் மறைந்துவிட்டதாக மகிழ்கின்றனர். நோயாளியின் முகத்தில் சந்தனம் அப்புவதற்கும் இதற்கும் யாது வேற்றுமை?

இனி முறைகளைக் கூறுவேன்.

நடுக்கம் நின்றவுடனே பணம் எடுக்கவோ பத்திரம் எடுக்கவோ உள்ளே ஓடுதல் ஆகாது. பெரிய நடுக்கத்தின் பின்னே சிறியவை பல தொடர்ந்து வரும். முதல் ஆட்டத்தில் தளர்ந்து நின்ற சுவர் பின்வரும் சிறு ஆட்டத்தில் விழுவது வழக்கம். மின்சார மெயினையும் எரிவாயு உருளையையும் மூடிவிட்டு, இஞ்சினீயர் வந்து பார்க்கும் வரையில் வெளியே இருக்க வேண்டும். தளர்ந்த உத்தரத்துக்கும் கூரைக்கும் முட்டுக் கொடுத்தலே முதல் வேலை. நம் கடலோரத்துச் சவுக்குத் தோப்புகள் இதற்காகவே கடவுள் வளர்த்தவைபோல் இருக்கின்றன. கனமான கம்பங்களை அடியிற் பலகை இட்டு, ஆப்பு வைத்து இறுக்கி நிறுத்த வேண்டும்.

பின்னர் விரிசலைப் படிக்க வேண்டும். நாடி பிடித்துப் பார்ப்பதைப் போன்ற வேலை இது. இரண்டு சன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் பெருக்கற்குறிபோல் குறுக்கும் மறுக்குமாக ஓடிய விரிசல், அச்சுவர் தன் நீளவாக்கிலே இழுக்கப்பட்டு அறுந்ததைக் காட்டும். வீட்டு மூலையில் மேலிருந்து கீழாக நெட்டுக்குத்தாக இறங்கும் விரிசல், இரு சுவர்களும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன என்பதற்கு அடையாளம்; இதை யான் மிகவும் அஞ்சுவேன். கூரைக்குக் கீழே கிடைமட்டமாக ஓடும் கோடு, கூரை சுவரின்மேல் வழுக்கியதைச் சொல்லும். படிக்கட்டுப்போல் செங்கல் இணைப்புகளில் ஏறிச் செல்லும் விரிசல் பலவேளைகளில் அடித்தளம் இறங்கியதால் வருவது. ஏரிப் புறம்போக்கை அடுத்தும், மண் கொட்டி மேடாக்கிய மனைகளிலும் கட்டிய நம் வீடுகளில் இதைப் பூகம்பம் இல்லாமலே காணலாம். அத்தகைய இளகிய மண் நடுக்கத்தைப் பெருக்கிக் காட்டும் என்பதையும் மறத்தலாகாது. 1985ஆம் ஆண்டு மெக்ஸிகோ நகரம் அத்தனை பேரைப் பலி கொடுத்ததற்குக் காரணம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் எழுந்த அலைகள் அந்நகரின் பழைய ஏரிப்படுகையில் பெருகியதேயாம்.

5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட விரிசலாயின் சிமிட்டிப் பால் ஏற்றி மூடலாம். மேலே தீற்றுவதனால் பயனில்லை. சுவரின் வயிறு வரை செல்ல வேண்டும். விரிசலின் வழியே சிறிது சிறிது தூரத்திற்கு ஒரு குழாய்முனையைப் பதித்து, 1க்கு 3 கலவையால் இறுக்கி, இடையிலுள்ள விரிசல் வாயை இருபுறமும் அடைத்துவிடுவர். அக்கலவை இறுகிய பின் மேல்முனை வழியாகத் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவி, சுருங்காத சிமிட்டிப் பாலை மிகக் கீழேயுள்ள முனையில் அழுத்தத்துடன் செலுத்த வேண்டும். அடுத்த மேல்முனையில் பால் வழிந்தவுடன் கீழ்முனையை அடைத்துவிட்டு, அம்மேல்முனையில் ஏற்றத் தொடங்க வேண்டும். இவ்வாறு படிப்படியாக மேலேறுதலே முறை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிறைப்பட்டு, வெளியே அழகும் உள்ளே பொந்துமாக முடியும். 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளவில் பால் மட்டும் போதாது. தளர்ந்த சாந்தையும் உடைந்த செங்கல்லையும் எடுத்து, நனைத்து, புதுச் செங்கல்லை வளமான கலவையில் கடித்து வைத்து, இருபுறமும் கம்பி வலையை ஆணியால் இறுக்கி அதன்மேல் பூச வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பழவேற்காட்டு ஏரிச் சிப்பியைச் சுட்டு நம் முன்னோர் கட்டிய மெத்தென்ற சுவரில், கல்போல் இறுகும் தனிச் சிமிட்டியை ஒட்டினால் பழையது உதிர்ந்து புதியது மட்டும் நிற்கும். அங்கே சுண்ணாம்பு கலந்த சாந்தே தக்கது.

இது வரையில் சொன்னது முன்பிருந்த வலிமையை மீட்டல். வலுவூட்டலின் உயிர்நாடி யாதெனில், நான்கு சுவரையும் கூரையையும் ஒரே பெட்டியாகப் பிணைத்தலே. பிரிந்து நிற்கும் சுவர் தனித்தனியே விழும். கூடைபோல் பின்னப்பட்டது ஆடினாலும் நிற்கும். இவ்வுண்மையைக் குவெட்டா நகரம் நெடுங்காலத்துக்கு முன்பே உலகுக்குக் காட்டிற்று. 1931ஆம் ஆண்டு பலுசிஸ்தானத்தில் எழுந்த நடுக்கத்தின் பின், எஸ். எல். குமார் என்னும் இளம் ரெயில்வே இஞ்சினீயர், பூகம்ப விசையைக் கணக்கிட்டுச் சுவர்களை இரும்பாலும் பட்டைகளாலும் பிணைத்த குடியிருப்புகளைக் குவெட்டாவில் கட்டுவித்தார். 1935ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் அந்நகரம் இடிந்து பல்லாயிரம் பேர் மாண்டபோது, அவ்வீடுகள் நின்றன.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் அப்பட்டையை எங்ஙனம் வைப்பது? லிண்டல் மட்டத்திலும், கூரைக்குச் சற்றுக் கீழும், சுவரின் பூச்சைச் செதுக்கி, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் வலையைச் சுற்றிலும் அறுபடாமல் ஓட்டி, ஆணியறைந்து, 1க்கு 3 கலவையில் பூச வேண்டும். மூலையில் வலை முறியாமல் திரும்ப வேண்டும். மூலையில் அறுந்த பட்டை அரைஞாண் அறுந்ததைப் போல. மூலைகளில் நெட்டுக்குத்தாகவும் வலையோ கம்பியோ அடித்தளம் வரை இறக்குவர். எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடிக்க, சுவரை ஊடுருவும் இரும்புக் கம்பியை இருபுறமும் தகடும் நட்டும் இட்டு முறுக்குவதும் உண்டு. லாத்தூர்க் கல்வீடுகளில், சுவரை ஊடுருவித் துளை குடைந்து, கொக்கியுள்ள கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பி, பிரிந்த இருவரிசைக் கல்லையும் தைத்தனர். லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அங்கே செப்பனிட்டு வலுவூட்டப்பட்டன. ஆயினும் ஜனங்களுக்குக் கல் என்றாலே அச்சம் உண்டாகி, நிற்கக்கூடிய வீட்டையும் விட்டுப் புதுவீடே வேண்டுமென்று பலர் நின்றனர். வலுவூட்டுதல் புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியே கேட்கும் என்று எடுத்துச் சொல்ல இஞ்சினீயர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் பழைய தெருக்களில் நிற்கும் மதராஸ் டெரஸ் வீடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புத் தளமிட்ட அக்கூரை கனமானது; கட்டைகளோ சுவரின்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கின்றன. சுவர் இரண்டங்குலம் விலகினால் கட்டை நழுவிவிடும். கட்டை முனைகளை இரும்புப் பட்டையால் சுவரோடு பூட்டுதலும், அடிப்புறத்தில் குறுக்குக் கட்டுகள் கொடுத்துக் கட்டைகளை ஒன்றோடொன்று பிணைத்தலும் வேண்டும். ஒழுக்கு நிற்பதற்காக ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட தளங்களை வெட்டியெடுத்துப் பாரத்தைக் குறைப்பதும் வலுவூட்டலே. தாய்மார்கள் பரண்மேல் அடுக்கியிருக்கும் அண்டா குண்டான்களைக் கீழே இறக்கினால் அதுவும் ஒரு தொண்டு.

கான்கிரீட் கட்டிடங்களின் கதை வேறு. அங்கே உயிர் தூணில் இருக்கிறது. நொறுங்கிய தூணின்மேல் சாந்து பூசி மறைப்பது கொலைக்கு ஒப்பான காரியம் என்று சொல்ல யான் தயங்கேன். முதலில் மேற்பாரத்தை முட்டுகளுக்கு மாற்றி, உதிரும் கான்கிரீட்டைக் கொத்தி, பழைய பரப்பைச் சொரசொரப்பாக்கி, துளையிட்டுப் பிணைக்கும் கம்பிகளைப் பதித்து, சுற்றிலும் புதிய நெடுங்கம்பிகளும் நெருக்கமான ரிங்குகளும் கட்டி, 100 மில்லிமீட்டருக்குக் குறையாத கான்கிரீட் சட்டை போட வேண்டும். அச்சட்டை அடித்தளத்திலிருந்தே எழ வேண்டும்; தரையோடு நின்றால் பயனில்லை. கீழ்த்தளம் திறந்த கட்டிடமாயின், தூண்களுக்கு இடையே தக்க இடங்களில் அடித்தளத்தோடு இணைந்த கான்கிரீட் சுவர் எழுப்புதல் நன்று. புதிதாகக் கட்டுவோர்க்கு 2002ஆம் ஆண்டு விதி அத்தகைய கீழ்த்தளத் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்குக் கணக்கிடச் சொல்லிற்று. அதைச் செய்தவர் எத்தனை பேர் என்று நம் கண்ட்ராக்டர் சகோதரர்களே சொல்லட்டும்.

இங்கே கும்மிடிப்பூண்டியைப் பற்றிப் பேசாதிருக்க இயலாது. சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பு உருக்கப்பட்டு, முறுக்குக் கம்பியாக உருட்டப்பட்டு, தென்னாடு முழுவதும் லாரியில் செல்கிறது. அவ்வாலைகளில் உழைப்பவரும் கம்பி வியாபாரம் செய்பவரும் இக்கூட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். கம்பி வாங்குவோர் ‘500’ என்ற எண்ணை மட்டும் பார்க்கின்றனர். அது எத்தனை பலத்தில் கம்பி இளகும் என்பதைச் சொல்லுமேயன்றி, இளகிய பின் எவ்வளவு நீளும் என்பதைச் சொல்லாது. பூகம்பத்தில் காப்பது அந்நீட்சியே. ஐ.எஸ். 1786 விதிப்படி, வெறும் 500 தரக் கம்பி முறியுமுன் நூற்றுக்கு 12 பங்கு நீண்டாற் போதும். ‘500 டி’ என்று முத்திரையிட்டது 16 பங்கு நீள வேண்டும். ஓரெழுத்து வேற்றுமைதான், அவ்வெழுத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆலையுடையோர் சோதனைச் சான்றைக் கேளாமலே கொடுங்கள்.

நல்ல கம்பி வாங்கியும் அதைக் கெடுப்பது ரிங்கின் முனை. கம்பி கட்டுவோர் முனையைச் செங்கோணமாக மடித்து விட்டுவிடுகின்றனர். தூண் ஆடி மேற்கான்கிரீட் உதிர்ந்தவுடன் அம்முனை வாய் திறந்துவிடும். நெடுங்கம்பிகள் கூடைக்குச்சிபோல் பிதுங்கும். முனையை 135 பாகை வளைத்து, தூணின் உள்வயிற்றுக்குள் செலுத்த வேண்டும். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங்குகளின் இடைவெளி 100 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. ஒரு ரிங்குக்குச் சிறிதளவு கம்பியும், கம்பி கட்டுபவருக்குச் சிறிது நேரமும் அதிகம். இதற்கு ஆகும் செலவை வாசற்கதவின் செதுக்கு வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொழிற்சாலைக் கொட்டகைகளில் இரும்புச் சட்டம் நிற்கும். அதனோடு பிணைக்கப்படாத உயர்ந்த முக்கோணச் செங்கற் சுவரே விழும். வடநாட்டிலிருந்து வந்து உழைப்போரைச் சுவரடியில் உறங்க வைத்திருக்கும் ஆலைக்காரர்கள் அச்சுவரைச் சட்டத்தோடு பூட்டுவது உடனடிக் கடமை.

இறுதியாக நமது மாணவர் விடுதியைப் பற்றி ஒரு விண்ணப்பம். முன்கட்டு சுண்ணாம்புச் சுவரும் மதராஸ் டெரஸும் உடையது. பின்கட்டு பிற்காலத்தில் கீழே திறந்துவிட்டுத் தூண்மேல் எழுப்பியது. முன்கட்டின் வடகிழக்கு மூலையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் வர்ணத்தின் அடியில் இருக்கிறது. பின்கட்டின்மேல் இன்னொரு மாடி எழுப்புவதற்கு நிதி திரட்டத் தீர்மானம் வந்திருப்பதை அறிவேன். இடம் போதாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்ற காரியதரிசியவர்களின் வருத்தமும் நியாயமானதே. ஆயினும் அம்மாடிக்கு முன், முன்கட்டுச் சுவருக்கு இரண்டு பட்டைகளும் மூலைப் பிணைப்பும், பின்கட்டுத் தூண்களுக்குச் சட்டையும் போட்டாக வேண்டும். தூண்களினுள் என்ன கம்பி, எத்தனை ரிங் என்பதை இரண்டு தூண்களில் கொத்திப் பார்த்தறிய ஒரு நாள் போதும். அடித்தளம் புதுப் பாரத்தைத் தாங்காதென்று தெரிந்தால், மாடியை விட்டுப் பக்கத்து மனையில் கட்டலாம். அச்சோதனையையும் கணக்கையும் யான் ஊதியமின்றிச் செய்து தருகிறேன். கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கும் இரண்டு மாதமே வேலைக்கு ஏற்ற காலம். பட்டைப் பூச்சுக்குப் பத்து நாளேனும் தண்ணீர் காட்ட வேண்டியிருப்பதால், கமிட்டியார் பங்குனிக்குள் முடிவு சொல்வாராக.